ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதா? 1941 அட்டவணையின் மறுவாசிப்பு

ஒளிச்சேர்க்கையில் வெளிப்படும் ஆக்சிஜன் நீரிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு, ரூபன், ராண்டல், கேமன், ஹைடு ஆகியோர் 1941இல் வெளியிட்ட சிறு கட்டுரையைச் சான்று காட்டுவது பாடநூல் மரபு. பிற்காலத்தில் இதற்கு எதிர்வாதம் ஒன்று வலுப்பெற்றது. பைகார்பனேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் நீரின் அணுக்களோடு இடம் மாறிக்கொள்வதால், அச்சோதனை எதையும் நிறுவவில்லை என்கிறது அது. இரு தரப்பும் அட்டவணையை அரைகுறையாகவே வாசித்திருக்கின்றன என்பது என் துணிபு.

முதற்சோதனையில், 0.85 விழுக்காடு ஆக்சிஜன்-18 கொண்ட நீரில் குளோரெல்லா பாசி இடப்பட்டது. அதில் கரைத்த பைகார்பனேட்–கார்பனேட் கலவையில் அந்த ஐசோடோப்பு இயற்கை அளவான 0.20 விழுக்காடு மட்டுமே. வெளிவந்த வாயுவிலோ ஏறத்தாழ 0.85. பாடநூல்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. அருகிலுள்ள கார்பனேட் பத்தியை அவை பெரும்பாலும் எடுத்துக்காட்டுவதில்லை. அங்கே 0.20 நிலைத்திருக்கவில்லை, சில மணி நேரத்தில் 0.6 அளவுக்கு ஏறிவிட்டது. இடமாற்றம் நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆய்வாளர்கள் அதை அறிந்திருந்தனர், அளந்தனர், அச்சிலும் ஏற்றினர். காரத்தன்மை மிக்க கரைசலைத் தேர்ந்ததே அந்த மாற்றத்தை மெதுவாக்கத்தான். கார்பனேட் ஏறிக்கொண்டே போன அந்த நேரம் முழுவதும் வாயுவின் அளவு ஏறக்குறைய அசையவில்லை. கரைசலின் கார்பனேட்டிலிருந்து வாயு பிறந்திருந்தால், முதலில் குறைவாக இருந்து பிறகு அதனோடு சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். நீரைச் சாதாரணமாகவும் கார்பனேட்டைக் கனமாகவும் மாற்றி வைத்தபோதும் வாயு நீரின் அளவான 0.20இலேயே நின்றது. ஆகவே, இடமாற்றம் சோதனையைக் குலைத்துவிட்டது என்பாரின் வாதம் இந்தப் பத்தியின் முன் நிற்காது.

எனினும் இங்கே அளக்கப்பட்டது வெளிக்கரைசல். உயிரணுவுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அந்த இடமாற்றத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. வினை நடக்கும் இடத்தை அடையும் முன்பே பைகார்பனேட் நீரின் ஐசோடோப்பு அளவை ஏற்றிருக்கலாம். அப்படியானால் அதிலிருந்து பிறக்கும் ஆக்சிஜனுக்கும் நீரிலிருந்து பிறக்கும் ஆக்சிஜனுக்கும் வேறுபாடு தெரியாது. இந்த ஐயத்தை 1941 அட்டவணையால் மட்டும் தீர்க்க முடியாது. தீர்த்துவிட்டதாக எழுதுவது மிகை.

காற்றின் ஆக்சிஜன் கடல்நீரின் ஆக்சிஜனைவிடச் சற்றுக் கனமானது என்பதையும், ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்ற முடிவுக்குச் சிலர் தடையாக நிறுத்துவர். சுவாசம் இலகுவான ஐசோடோப்பை முந்தி எடுத்துக்கொள்கிறது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு அதுவே போதிய விளக்கம்.

அட்டவணை தீர்க்காத ஐயத்துக்கு விடை வேறு சான்றுகளில் இருக்கிறது. பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தாமலே, இரும்பு உப்பு எலக்ட்ரான்களை ஏற்க, ஆக்சிஜன் விடுவதை 1937இல் ஹில் காட்டினார். பைகார்பனேட்டை நீக்கினால் அந்த வினை தளர்வதைக் கண்ட வார்பர்க், பைகார்பனேட்டையே ஆக்சிஜனின் ஊற்றாகக் கொண்டார். கவனிப்பு சரி, முடிவு தவறு. ஒளித்தொகுதி இரண்டில் பைகார்பனேட் உறுதியாகப் பற்றியிருப்பது எலக்ட்ரானை ஏற்கும் பக்கத்தில், இரு குவினோன்களுக்கு இடையிலுள்ள இரும்பின்மேல். ஆக்சிஜன் பிறக்கும் மாங்கனீசுத் திரளோ சவ்வின் மறுபக்கத்தில் இருக்கிறது. 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் 2011இல் வெளியான படிக அமைப்பில் அத்திரளோடு பிணைந்து காணப்பட்டவை நான்கு நீர் மூலக்கூறுகள். பைகார்பனேட் அங்கே காணப்படவில்லை. எந்த இரு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்து வாயுவாகின்றன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்த விவாதத்தில் முன்வைக்கப்படும் அணுக்கள் யாவும் நீரிலிருந்து வந்தவையே.