இரயில் திரும்பியது, மக்கள் திரும்பினரா?



நமது தாம்பரத்திற்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், எழும்பூரிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' நம் ஊரைக் கடந்து தனுஷ்கோடி சென்றது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அக்கரையிலோ, 1990இல் போரினால் தலைமன்னார் இரயில் போக்குவரத்து நின்றது. இந்தியாவின் கடனுதவியைக் கொண்டு நம் நாட்டு இர்கான் நிறுவனம் அப்பாதையைப் புதுப்பிக்க, 2015 மார்ச்சில் அங்கு மீண்டும் இரயில் ஓடியது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இரயில் திரும்பிவிட்டது. அதே 1990இல் அதே மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் நிலை என்ன? போருக்குப் பிந்தைய உதவிகளை எடைபோட இக்கேள்வியே போதுமானது.

வெளியேற்றம்

1990 அக்டோபர் இறுதியில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர மக்களுக்கு அக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. பணமும் நகைகளும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒரு சில நாட்களில் அகதிகளாயினர். தமிழே தாய்மொழியாகக் கொண்ட மக்கள், தமிழர் மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர் என்பது வரலாற்றின் வேதனை.

அவர்களுள் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்ட மக்கள் அடைக்கலம் தந்தனர். மதீனத்து அன்சாரிகளை நினைவூட்டிய விருந்தோம்பல் அது. ஆயினும் தற்காலிகம் எனக் கருதிய தங்கல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தண்ணீரும் நிலமும் வேலையும் பள்ளிக்கூட இடங்களும் இரு சாராருக்கும் போதவில்லை, மனத்தாங்கல்கள் எழுந்தன. இரந்தோர் மட்டுமன்றி, ஈந்தோரும் ஏழைகளே என்பதை உதவி செய்வோர் மறக்கலாகாது.

பட்டியலின் வரம்பு

2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் உலக நாடுகளும் நிறுவனங்களும் சுமார் 450 கோடி டாலர் உதவியை அறிவித்தன. ஆனால் அமைதிப் பேச்சு மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடமில்லை. சுனாமி நிவாரணத்திற்காக 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பிலும் அவர்கள் ஒப்பமிடும் தரப்பாக இல்லை. அதன் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

2009 மே மாதம் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் தமிழ் மக்கள் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களது துயருக்கு முதலிடம் தந்தது நியாயமே. ஆனால் மீள்குடியேற்றப் பணியில் 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்' என்றும், அதற்கு முந்தியோர் 'பழையவர்' என்றும் பிரிக்கப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகள் முன்னரே துரத்தப்பட்டோர் இதனால் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். ஊருக்குச் சென்று பார்த்தோர் கண்டது, காடு மண்டிய காணிகளையும் இடிந்த வீடுகளையுமே. ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தனர். காணியோ பழைய அளவிலேயே இருந்தது.

பாராட்டத்தக்க முன்மாதிரியும் உண்டு. இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டினர். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் வீதம், வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாக அவர்களது வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. ஸகாத்தைப் பெறுபவருக்கே உடைமையாக்கும் 'தம்லீக்' எனும் நெறியை ஒத்தது இம்முறை. பெறுபவர் கையேந்தி நிற்பவராக அன்றி, தம் வீட்டைத் தாமே எழுப்புபவராக நிற்கிறார்.

இதற்கு மாறாக, அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்காக சவூதி அரசின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தாருக்கு எத்தனை என்ற வழக்கினால் அவை பல ஆண்டுகள் ஆளின்றிப் பாழடைந்தன. பணம் இருந்தது, சுவரும் கூரையும் இருந்தன, பங்கீட்டில் உடன்பாடு மட்டும் இல்லை.

நமக்கான பாடம்

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் நிவாரணப் பட்டியல் எழுதும் கை எதைப் பார்த்து எழுதுகிறது? சந்தாப் புத்தகத்தையும் குடும்ப அட்டையையும் மட்டுமே பார்த்தால், நேற்று குடிவந்த வாடகைக் குடும்பமும் வெளிமாநிலத் தொழிலாளியும் விடுபடுவர். விடுபட்டவர் நம் வாசலுக்கு வந்து கேட்கவும் கூசுவார். எனவே பட்டியல் முடிந்ததும், இதில் பெயர் இல்லாதவர் யார் என ஒருமுறை தெருத்தெருவாகத் தேடுவது நம் நிர்வாகிகளின் கடமையாகட்டும். பைத்துல்மால் நம் கையிலுள்ள அமானிதம். கொடுத்த தொகைக்கு மட்டுமன்றி, விடுபட்ட பெயருக்கும் நாளை விசாரணை உண்டு.

எல்லாம் வல்ல அல்லாஹ் வீடிழந்தோர் அனைவரையும் தத்தம் மண்ணில் நிம்மதியுடன் வாழச் செய்வானாக! ஆமீன்.