கேய்லி: கணப்பருகே வளர்ந்த ஒரு சொல்



ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வழங்கும் காலிக் மொழியிலே 'கேய்லி' என்றொரு சொல் உண்டு. ஒலியளவில் நமது கேலியை நினைவூட்டினும் அதற்கும் இதற்கும் உறவில்லை. தோழன் எனப் பொருள்படும் பழைய ஐரிஷ் சொல்லொன்றன் வழிவந்தது அது. அயல்வீட்டுக்குச் சென்று அளவளாவுதல் என்பதே அதன் முதற்பொருள்.

நெடிய மாரியிரவுகளிலே ஊரவர் ஒரு வீட்டிற் கூடுவர். வீட்டின் நடுவே, வெறுந்தரையில், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய முற்றா நிலக்கரி கனன்றுகொண்டிருக்கும். புகை, கூரையில் வழி கண்டவாறு வெளியேறும். பெண்கள் நூல் நூற்பர். ஆடவர் கயிறு திரிப்பர். முதற்கதை வீட்டுக்காரனுடையது, அதன்பின் விடியும்வரை கதை சொல்லுதல் விருந்தினன் கடன் என்பது அவர்தம் வழக்கு. எழுத்தறியாதார் பலர் பண்டை வீரரின் பெருங்கதைகளை மனத்திலே காத்து வந்தனர். 1860 முதல் 1862 வரை ஜோன் பிரான்சிஸ் கம்பெல் என்பார் அத்தகைய கதைகளைத் திரட்டி நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

அதற்கு முன்னரே அவ்வீடுகளுக்கு இடுக்கண் வந்துவிட்டது. நிலவுடைமையாளர் செம்மறி மேய்ச்சலுக்காகக் குடிகளை அகற்றினர். போதகர் சிலர் கதையையும் இசையையும் பாவமென்றனர். 'கார்மினா கடெலிக்கா' என்னும் தொகுப்பை 1900 இல் வெளியிட்ட அலெக்சாந்தர் கார்மைக்கேல், எக் என்னும் தீவின் பிடில் வித்துவான் ஒருவர் போதகரின் கண்டனத்தால் தமது அரிய வாத்தியத்தை விற்றுவிட்ட செய்தியை அதிலே கூறுகின்றார். விலை குறைந்ததற்கன்று, அதனைப் பிரிந்ததற்கே அவர் நொந்தாராம். 1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ காலிக் மொழியைப் பெயரளவிற்கூடக் குறிப்பிடவில்லை. கண்டனத்தினும் இம்மௌனமே கொடிது என்பேன். கணப்பருகே கேட்ட மொழி, பள்ளி வாயிலிற் பயனற்ற மொழியாயிற்று.

1951 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே ஸ்கொத்லாந்தின் மரபுகளை ஆராயும் கல்விக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் சார்பில் கலும் மக்லீன் என்பார் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊரூராகச் சென்றார். முதியோர் குரல் அங்ஙனம் ஓரளவு எஞ்சிற்று.

சொல்லும் எஞ்சிற்று, பொருள்தான் இடம் மாறியது. இன்று கிளாஸ்கோ நகரத்துத் திருமணமொன்றிலே கேய்லி என்றால், பிடிலும் அக்கோடியனும் முழங்க, முன்பின் அறியாதாரும் கைகோத்து ஆடும் நடனம். தீவுகளிலோ முதியோர் சிலர், மாலையில் அயல்வீட்டுக்குப் போய் வருதலையே இன்னும் அச்சொல்லாற் குறிப்பர்.