புல்லட்டுக்குள்ள ஒரு காந்தம்

அப்பாவோட பழைய புல்லட் 350-ல திடீர்னு 'டக் டக்'னு ஒரு சத்தம். ஆம்ப் மீட்டர் முள்ளும், லைட்டைப் போட்டா மைனஸ் பக்கமே படுத்துக்கும். ஊர்ப் பக்கத்து மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "பிக் எண்டு போச்சு, இன்ஜினை இறக்கணும்"னார். அந்த வருஷம் கடலை வித்த காசு மொத்தமும் அதுக்கே சரியாப் போயிருக்கும்.

காய்கறி டெம்போவுல வண்டியை ஏத்தித் தாம்பரம் கொண்டு போனோம். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல பட்டணம் ஆரம்பிக்கிறதே அங்கதான். பீச்சுலேர்ந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சே.

அங்கிருந்த பெரியவர் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். "தம்பி, இன்ஜின்ல கை வைக்காதே. முதல்ல செயின் கேஸைத் திறப்போம்" என்றார்.

இந்த வண்டியோட கதை கொஞ்சம் விசித்திரமானது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல அங்கேயிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூர்ல கோர்த்தாங்க, அப்புறம் எல்லாத்தையும் இங்கேயே செய்தாங்க. 1970-ல இங்கிலாந்துக் கம்பெனி மூடியாச்சு. திருவொற்றியூர்ல மட்டும் அதே பழைய வடிவம் பல வருஷம் ஓடிச்சு. அதனால இங்கிலீஷ் வண்டிகளோட வியாதியும் நம்ம ஊர்லயே தங்கிடுச்சு. அதைக் கண்டுபிடிக்கிற காதுகளும் இங்கேயே வளர்ந்தது.

வியாதி இதுதான். பழைய டைனமோவுல சுருள் சுத்தும், கார்பன் பிரஷ் தேயும். ஆல்டர்னேட்டர்ல காந்தம்தான் சுத்துது, சுருள் சும்மா நிக்குது. தேய்மானம் இல்லாத நல்ல யோசனைதான். கிராங்க் முனையில மாட்டியிருக்கிற ரோட்டார்ல நடுவுல இரும்புக் குடம், சுத்தி காந்தம், எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்க அலுமினிய வார்ப்பு. வருஷக்கணக்கா சூட்டுலயும் உதறல்லயும் கிடந்து வார்ப்புக்கும் குடத்துக்கும் நடுவுல பிடி விட்டுடும். அப்புறம் பிஸ்டன் ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் அது உள்ளேயே முட்டும். கேட்டா அச்சு அசலா பிக் எண்டு சத்தம்! எத்தனை நல்ல இன்ஜினை இந்தச் சத்தத்துக்காகப் பிரிச்சிருப்பாங்களோ.

இன்னொரு சிக்கலும் உண்டு. கார் ஆல்டர்னேட்டரோட ரோட்டார்ல சுருள் இருக்கும், மீட்டர் வெச்சுப் பார்த்துடலாம். இதுல வெறும் காந்தம், மீட்டர் வைக்க இடமே கிடையாது. அதனால பெரியவர் சுத்தி வளைச்சுத்தான் பிடிச்சார். ஸ்டேட்டர் காயில் அறுந்திருக்கான்னு பார்த்தார், பாடியில எர்த் ஆகுதான்னு பார்த்தார். ரெண்டும் சுத்தம். ஒயரைக் கழட்டி, ஓடுற வண்டியில ஏசி வோல்ட் பார்த்தார். திராட்டிலை முறுக்கியும் வோல்ட் சரியா ஏறலை. அப்ப மிச்சம் ரோட்டார்தான்.

நட்டைக் கழட்டி வெளியே எடுத்து, நடுக்குடத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளி வளையத்தைத் திருப்பினார். மயிரிழை ஆட்டம், அவ்வளவுதான். ஸ்பேனரை ஒட்ட வெச்சா வழுக்கி விழுந்தது, காந்தமும் சோர்ந்து போயிருக்கு.

வேற ரோட்டார் மாட்டி, அதுக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல பில்லர் கேஜ் விட்டு, சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி இருக்கான்னு நாலு தரம் பார்த்தார். இது உரசினா புது ரோட்டாரும் போயிடும், ஸ்டேட்டரும் போயிடும்.

சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கிட்டே ஊர் திரும்பினோம். அந்தப் பழைய ரோட்டார் பம்ப் செட் ரூம்ல கிடக்கு, குண்டூசி பொறுக்கத்தான் ஆகுது.