லிஸ்பனில் ஒரு கோவாக்காரர் – 2: பஞ்சும் பிராமணர்களும்

பிரான்சிஸ்கோ லூயிஸ் கோமஸ் லிஸ்பன் வந்து இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1829இல் கோவாவின் நவேலிம் கிராமத்தில் பிறந்த டாக்டர்; இப்போது போர்ச்சுகல் நாடாளுமன்ற உறுப்பினர்.

வந்த சூட்டோடு, 1861 ஜனவரியில், பிரெஞ்சுக் கவிஞர் லாமார்த்தீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகாபாரதம் பாடிய, சதுரங்கத்தைக் கண்டுபிடித்த இனத்தில் பிறந்தவன் நான். அந்த இனம் சொந்த வீட்டிலேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. இந்தியாவுக்குச் சுதந்திரமும் வெளிச்சமும் வேண்டும் என்றார். காங்கிரஸ் பிறக்க இன்னும் 24 வருஷம் இருந்தது! ஆனால் அதே கடிதத்தில், தான் மட்டும் சுதந்திரக் குடிமகன் என்றும் சொல்லிக்கொண்டார். கோவாவும் அந்நியன் கையில்தானே இருந்தது? எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

அதே வருஷம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோக, நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசல்காட்டுப் பருத்திக்கும் திடீர் மவுசு. இங்கிலாந்தின் பஞ்சுத் தட்டுப்பாட்டையும், போர்ச்சுகல் வசமிருந்த மேற்கு ஆப்பிரிக்காவையும் சேர்த்துப் பார்த்து கோமஸ் பிரெஞ்சில் ஒரு நூலே எழுதிவிட்டார். ராஜபாளையத்து மில்காரர்கள் கையில் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார்கள்.

1866இல் வந்தது 'ஓஸ் பிராமனெஸ்'. போர்ச்சுகீசிய மொழியில் ஒரு கோவாக்காரர் எழுதிய முதல் நாவல். நம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் அச்சேற இன்னும் 13 வருஷம் ஆகும். கதை நடப்பது ஃபைசாபாத்தில், 1857 கலகத்தை ஒட்டி. ராபர்ட் டேவிஸ் என்ற தோட்டத் துரையிடம் அவமானப்பட்ட மக்னோத் என்ற பிராமணர் வஞ்சம் தீர்க்கப் புறப்படுகிறார். பூணூல் போட்டவர்கள் மட்டுமா பிராமணர்கள்? நிறத்தைக் காட்டி மற்றவனை ஒதுக்கும் துரைகளும் அந்தச் சாதிதான் என்கிறார் கோமஸ். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பொருளாதாரத்தைப் பற்றிப் பாரீஸில் ஒரு புத்தகம். 1869இல் பொம்பால் பிரபுவின் வரலாறு. அதற்குள் உடம்பு நொடிந்துவிட்டது. வயது நாற்பதுதான். ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறினார்.

சூயஸ் கால்வாய் அந்த நவம்பரில்தான் திறந்தது. அதுவரை கோவா போகிறவர் எகிப்தில் இறங்கி, தரைவழியே செங்கடல் கரைக்குப் போய் வேறு கப்பல் பிடிக்க வேண்டும். நோயாளியால் ஆகிற பயணமா அது?

1869 செப்டம்பர் 30. கோமஸின் கப்பல் இன்னும் மத்தியதரைக் கடலைத் தாண்டவில்லை. அன்று நடந்தது என்ன?

அடுத்த வாரம் சொல்கிறேன்.