பள்ளி ஆசிரியரின் தொழில் அறமும் சட்டப் பொறுப்பும்

மாணவரிடமும் பெற்றோரிடமும் பணியில் அமர்த்தியவரிடமும் ஆசிரியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மரபும் விதிகளும் வகுத்தவை தொழில் அறம். அதில் தவறினால் துறையிலோ நீதிமன்றத்திலோ பதில் சொல்லியாக வேண்டியவை சட்டப் பொறுப்பு. தமிழ்நாட்டில் முன்னது மிகப் பழையது. பின்னதில் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுதப்பட்டது. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல, ஆசிரியரைப் பதிவு செய்து, பிழை செய்தால் பதிவை நீக்கும் அமைப்பு இந்தியாவில் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதியை வரையறுக்கிறதே தவிர, வகுப்பறையில் நடப்பதை விசாரிப்பதில்லை. ஆகவே ஆசிரியர் ஊழியராகவோ குற்றம் சாட்டப்பட்டவராகவோதான் விசாரிக்கப்படுகிறார். இத்துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

பழைய மரபு

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்ததாகச் சொல்லப்படும் இராமாநுசரின் வரலாற்றிலேயே ஆசிரியர் ஒருவர் நெறி தவறிய கதை இருக்கிறது. காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் அவர் வேதாந்தம் பயின்றார். ஆசிரியரின் உரையை மாணவர் மறுத்துப் பேசப் பேச, ஆசிரியருக்கு உள்ளூரப் பகை மூண்டது. காசி யாத்திரைக்கு அழைத்துப்போய்க் கங்கையில் மூழ்கடித்துவிடத் திட்டமிட்டார் என்றும், உடன் வந்த தம்பி முறையினரான கோவிந்தர் எச்சரித்ததால் இராமாநுசர் வழியிலேயே தப்பினார் என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. வரலாறா புராணமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாணவருக்குத் தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும், ஆசிரியரை யாரும் தண்டிக்கவில்லை என்பதையும் கதை சொல்பவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் யாதவப்பிரகாசரே இராமாநுசருக்குச் சீடரானார் என்று முடித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்.

பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரம், ஆசிரியர் இலக்கணத்தை வரிசைப்படுத்திய பகுதி. நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் நல்லாசிரியருக்கு உவமை. ஆசிரியராகத் தகாதவருக்கும் அது நான்கு உவமை தருகிறது: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்குடம் போட்ட வரிசையில் கொட்டாது. மடற்பனை யாரையும் ஏறவிடாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. முடத்தெங்குக்கு நீர் ஊற்றுபவர் ஒருவர், காயை எடுப்பவர் மற்றொருவர். சம்பளம் ஓரிடத்தில் வாங்கிப் பாடத்தை மாலை டியூஷனில் நடத்துபவருக்கு இதைவிடப் பொருந்தும் சொல் பின்வந்த சட்டம் எதிலும் இல்லை. ஆனால் நன்னூல் தகாதவரைச் சுட்டுவதோடு நிற்கிறது. அவரை என்ன செய்வது என்று சொல்வதில்லை.

திண்ணையும் பிரம்பும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளைக் கண்டது. இவற்றில் பெரும்பாலானவை ஓராசிரியர் நடத்திய திண்ணைப் பள்ளிகள். வாத்தியாருக்கு வருவாய் மாணவர் தரும் காசும் அரிசியும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிப்போய் வாங்கிவருவதும்தான். ஊரார்தான் அவருக்கு எசமானர்; பிடிக்காவிட்டால் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள். அதைத் தவிர அவருக்குக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. சட்டாம்பிள்ளை மேற்பார்க்க, கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகள் வழக்கமாக நடந்தன. கண்ணையும் முழங்காலையும் விட்டுவிட்டு அடியுங்கள் என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போன காலம் அது.

ஆங்கிலச் சட்டம் இந்த அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது, ஒழிக்கவில்லை. 1860இல் இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் ஊர் ஆசிரியர் தாமஸ் ஹாப்லி அடித்ததில் மாணவர் இறந்தார். அந்த வழக்கில் நீதிபதி, பெற்றோரும் அவர் இடத்தில் நிற்கும் ஆசிரியரும் அளவோடு, திருத்தும் நோக்கத்தோடு அடிக்கலாம் என்றார். ஹாப்லி அளவு மீறியதால் நான்காண்டு கடுங்காவல் பெற்றார். அதே ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் ஒப்புதலுடன் நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்றது. பிரம்பெடுத்த ஆசிரியர்களுக்காக வாதாடியவர்கள் நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பிரிவைத்தான் பற்றிக்கொண்டார்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 27ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

ஊழியர் என்ற முறையில்

அரசுப் பள்ளி ஆசிரியரைக் கட்டுப்படுத்துவது தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. கிராம நிர்வாக அலுவலருக்கும் கருவூல எழுத்தருக்கும் பொருந்தும் அதே விதிகள்தான் இவை. வரதட்சணை, இரண்டாம் மணம், கட்சி அரசியல், அனுமதியின்றி வேறு தொழில், வேலைநிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. குழந்தையோடு எப்படிப் பழகுவது என்பதற்கு அங்கே தனி இடமில்லை. உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு 1973ஆம் ஆண்டு தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டம் ஒரு கவசம் தந்தது: உரிய அதிகாரியின் முன்னனுமதி இல்லாமல் நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. 2018ஆம் ஆண்டு இயற்றிய புதிய சட்டம் 2023இல் இதன் இடத்துக்கு வந்தது.

வேலைநிறுத்தத் தடை 2003 ஜூலையில் வெடித்தது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மாவின்கீழ் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையிழந்தார்கள். ஆகஸ்டு 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று கூறியது. பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பணிக்குத் திரும்பினர்.

அடி நின்ற கதை

தில்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தில்லிப் பள்ளி விதிகளிலிருந்த பிரம்படி அனுமதியை நீக்கியது. தமிழ்நாடு 2003இல் கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, உடலுக்கோ மனத்துக்கோ வலி தரும் தண்டனையைத் தடைசெய்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. ஆயினும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தடையை உறுதியாக நடைமுறைப்படுத்தச் சொல்லி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இடையில் 2004 ஜூலை 16 வந்தது. கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா உதவிபெறும் பள்ளியில் சமையற்கட்டுத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். நெரிசலான ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் இயங்கியதும், குறுகிய படிக்கட்டும், கண்டுகொள்ளாமல் கையெழுத்திட்ட ஆய்வும் சாவைப் பெருக்கின. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் நிறுவனர், தலைமையாசிரியை, சத்துணவுப் பணியாளர்கள், கல்வித்துறை அலுவலர்கள் என 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது; 2017இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைப் பெரிதும் தளர்த்தியது. இந்த விபத்தின் பின்னணியில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடங்கும் என்றது. பாடம் நடத்துவதோடு கடமை முடிந்துவிடாது என்பது அப்போதுதான் தெளிவாகச் சட்டமாயிற்று.

அடுத்த திருப்பம் 2012. அவ்வாண்டு மே மாத அரசாணை, பாலியல் குற்றம் புரியும் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்துசெய்ய வழிவகுத்தது. நவம்பர் 14 முதல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். இதன்படி பள்ளிப் பணியாளர் செய்யும் குற்றம் கடுமையான வகையில் சேரும். அதைவிட ஆசிரியர்களை அதிகம் தொடுவது 19ஆம் பிரிவு: குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன் என்பது விடையாகாது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசித் தீர்க்கும் பழக்கத்தைக் குற்றமாக்கிய பிரிவு இது. 2021இல் சென்னைப் பள்ளி ஒன்றின் மீது எழுந்த புகாருக்குப் பிறகு மாநில அரசு பள்ளிதோறும் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது. 14417 என்ற உதவி எண்ணும் புகாருக்குப் பயன்படுகிறது.

தொழிற்பேட்டை வட்டாரத்தில்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்தபின் அவற்றுக்கு அருகிலுள்ள வல்லக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிகளுக்கு வேறுவகைச் சோதனை வந்தது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர் பிள்ளைகள் நடுவாண்டில் வந்து நிற்பார்கள். கையில் பிறப்புச் சான்றும் இருக்காது, மாற்றுச் சான்றிதழான டி.சி.யும் இருக்காது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும், டி.சி. தரத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். காண்டிராக்ட் முடிந்து வேறு ஊர் போகும் குடும்பத்திடம் கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைப்பது தனியார் பள்ளிகளின் பழைய உத்தி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல, அதில் பாக்கி விவரம் எழுதவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோரைச் சந்தித்து வருகையும் முன்னேற்றமும் சொல்வதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி ஆசிரியர் கடமை. அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா காலை ஷிஃப்ட் என்ற வீட்டை எந்த நேரத்தில் சந்திப்பது என்பதற்குச் சட்டத்தில் விடை தேடக் கூடாது.

ஆசிரியர் பக்கத்துக் காப்பு

சட்டம் ஒருபக்கமாகவே சாயவில்லை. மாணவர் தற்கொலை வழக்கொன்றில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒழுக்கக்கேட்டைக் கண்டித்ததற்காக மட்டும் ஆசிரியரைத் தற்கொலைக்குத் தூண்டியவராக்க முடியாது என்று கூறி வழக்கை ரத்துசெய்தது. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வெளிவேலை கொடுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. 28ஆம் பிரிவு டியூஷனைத் தடுக்கிறது. இரண்டில் எது அதிகம் மீறப்படுகிறது என்பதை ஆசிரியர் அறையில் கேட்டால் ஒரு விடையும், பெற்றோரிடம் கேட்டால் மற்றொரு விடையும் வரும்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் தேர்வெழுதாமலே தொடரலாம்; பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் எழுதியாக வேண்டும்.