பதிவேட்டின் சாதிக் கட்டம்

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. அது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பார்க்க நாம் நேட்டாலுக்குப் போக வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் பிடிக்கப்பட்டவர்கள் அதில் வந்தார்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கொரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு, சாதி. அந்தச் சாதிக் கட்டத்தில் 'பறையர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு நிலம்தான் கணக்கு. நிலமில்லாதவர் பெயர் அவர் ஏட்டில் ஏறுவதில்லை. ஆள் பிடித்த வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். எதற்காக எழுதினான் என்பதை மறக்காமல்தான் அதை வாசிக்கிறோம்.

கப்பலில் தனிப் பந்திக்கு இடமில்லை. தோட்டத்துக் கொட்டடியில் ஊர், சேரி என்று பிரிக்க வழியில்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது ஏற்றுமதி விதி; சாதி பார்த்துப் பெண் எடுக்க முடியுமா? கரைந்த பாதி இதுதான்.

மீதிப் பாதி பெயரில் இருக்கிறது. முதலி அங்கே மூட்லி ஆனது, கவுண்டர் கவெண்டர் ஆனது. பிள்ளை, நாயுடுவும் குடும்பப் பெயர்களாயின. அவற்றைச் சூடியவர் எல்லாரும் அந்தந்தச் சாதியில் பிறந்தவர்கள் அல்லர். இதை ஏமாற்று என்று நாம் சொல்ல மாட்டோம். இழிவைச் சுமத்திய பெயரை உதற ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உதறியவர் எடுத்தணிந்ததெல்லாம் மேல்படியின் பெயராகவே இருந்ததே, அந்த ஏணியைக் கப்பலில் ஏற்றியது யார்?

வேறு வழியும் இருந்தது. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழ் 'தமிழன்' என்று பெயர் பெற்று, தென்னாப்பிரிக்காவிலும் வாசிக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் அந்நாட்டில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நேட்டால் பற்றி எழுதுவோர் காந்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவ்விருவருக்கும் ஒரு அடிக்குறிப்பு கிடைத்தால் பெரிது.

1950இல் நிறவெறி அரசு தன் பதிவேட்டைத் திறந்தது. மக்கள் பதிவுச் சட்டம் ஆளை இனவாரியாகக் கட்டத்தில் அடைத்தது. குழுப் பகுதிகள் சட்டம் தெருவைப் பிரித்தது. டர்பனின் காட்டோ மேனரில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். சண்டையும் இருந்தது, 1949 ஜனவரியில் ரத்தமும் சிந்தியது. பிறகு இந்தியரைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கரைக் குவாமாஷுவுக்கும் பெயர்த்தார்கள். சேரியை அறிந்தவருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. புதிது எதுவென்றால், வெள்ளையருக்குக் கீழே, கறுப்பருக்கு மேலே என்று நம்மவருக்குக் கொடுக்கப்பட்ட நடுப்படி. அதில் நிற்க மறுத்துப் போராடியவர்களும் உண்டு, வசதி என்று நின்றவர்களும் உண்டு.

இன்று அங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்குப் 'பாரிட்ஜ்' வழிபாடு என்று பெயர். படைப்பவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. தங்களை ஆப்பிரிக்கர் என்றும் சொல்வார்கள், தமிழர் என்றும் சொல்வார்கள். பூட்டன் ஊரைத் தேடிக் கப்பல் பதிவேட்டைப் புரட்டும் ஒரு கவெண்டருக்கு, ஊர்ப் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் வேறொரு சொல் காத்திருக்கலாம்.