பிரம்மபுத்திராவின் பாண்டுத் துறை: ஓர் உள்நாட்டு ஆற்றுத் துறைமுகத்தின் வரலாறு

இந்திய வணிக வரலாறு பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கடல்துறைகளையே மையமாகக் கொண்டவை. பூம்புகாரும் கொற்கையும் முசிறியும் பெற்ற கவனத்தை உள்நாட்டு ஆற்றுத்துறைகள் பெறவில்லை. துறை என்னும் சொல் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. ஆற்றில் இறங்கும் இடம், கடக்கும் இடம், படகு அணையும் இடம் யாவும் துறையே. வட இந்தியர் 'காட்' என வழங்குவதும் இதனையே. கடலினின்று பல நூறு கிலோமீட்டர் உள்ளே, அசாம் மாநிலம் குவாஹாத்தி நகரின் மேற்கே அமைந்த பாண்டு அத்தகைய துறைகளுள் ஒன்று. இருப்புப்பாதை வந்ததும் ஆற்றுப் போக்குவரத்து அழிந்தது என்னும் பொதுக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதித்துப் பார்க்கவும் இத்துறையின் வரலாறு இடம் தருகிறது.

இடத்தின் இயல்பு

பிரம்மபுத்திரா அசாம் சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடும் ஆறு. சில இடங்களில் அதன் அகலம் பத்துக் கிலோமீட்டரையும் கடக்கும். ஆண்டுதோறும் கரையை அரித்து இடம் மாறும் இவ்வாற்றின் ஓரத்தில் நிலையான துறை அமைவது அரிது. பாண்டுவில் மட்டும் இருபுறமும் பாறைக் குன்றுகள் நெருங்கி நிற்பதால் ஆறு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. தென்கரையில் காமாக்கியா கோயில் அமைந்த நீலாசல மலை. அதன் அடிவாரத்தில் பாண்டுநாதர் கோயில். எதிரே வடகரையில் ஆமின்காவ், சராய்காட்.

1671இல் லாச்சித் பர்புகன் தலைமையிலான ஆகோம் படகுப்படை, இராம் சிங் தலைமையில் வந்த முகலாயப் படையைத் தடுத்து நிறுத்தியது இந்நெருக்கில்தான். படையைத் தடுக்க ஏற்ற அதே இடம் பின்னர்ப் படகோட்டத்துக்கும் பாலத்துக்கும் சரக்குத் துறைக்கும் ஏற்றதாயிற்று. ஆறு இடம் மாறாத இடத்தில் வரலாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டது எனலாம்.

நீராவிக் கப்பல்களும் தேயிலையும்

அசாம் தேயிலை முதன்முதலாக இலண்டனில் ஏலம் விடப்பட்டது 1839இல். அதே ஆண்டில் அசாம் கம்பெனியும் தோன்றியது. தோட்டங்கள் பெருகியபோது தேயிலையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்ல ஆறு ஒன்றே வழி. நாட்டுப்படகு எதிரோட்டத்தில் கல்கத்தாவிலிருந்து மேல் அசாம் சேர மாதக்கணக்கில் ஆகும். 1847இல் அரசு நீராவிக் கப்பல்கள் குவாஹாத்திக்கு வரத் தொடங்கின. 1844இல் நிறுவப்பட்ட இந்தியா ஜெனரல் நீராவிக் கப்பல் கம்பெனி, 1860இல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அசாமுக்குக் கப்பல் விடும் ஒப்பந்தத்தைப் பெற்றது. 1862இல் ரிவர்ஸ் கம்பெனி போட்டிக்கு வந்தது. காலப்போக்கில் இரண்டும் உடன்பாடு செய்துகொண்டு, 'கூட்டுக் கம்பெனிகள்' என்ற பெயரில் ஆற்றைத் தம்முள் பகிர்ந்துகொண்டன.

இக்கப்பல்கள் கீழே தேயிலையும் சணலும் கொண்டுசென்றன; மேலே அரிசி, இயந்திரங்கள், நிலக்கரி ஆகியவற்றோடு மனிதர்களையும் கொண்டுவந்தன. சோட்டா நாகபுரி முதலிய பகுதிகளில் திரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் நெரிசலான தளங்களில் ஏற்றப்பட்டனர். வழியில் வாந்திபேதியால் மாண்டவர் பலர். சென்னை மாகாணத்தின் கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் அசாமுக்குச் சென்றதால் இச்செய்தி தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றோடும் தொடர்புடையது. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பற்றி எழுந்த ஆய்வுகளோடு இதனை ஒப்பிட்டு நோக்க இடமுண்டு.

இருப்புப்பாதை வந்தபோது பாண்டு அழியவில்லை. உண்மையில் அப்போதுதான் அது வளர்ந்தது. தென்கரையில் அசாம் வங்காள இருப்புப்பாதை குவாஹாத்தி வரை வந்தது. வடகரைப் பாதை 1910 அளவில் ஆமின்காவை எட்டியது. இடையில் பாலம் இல்லை. பயணிகள் வடகரையில் இறங்கி நீராவிப் படகில் கடந்து, தென்கரையில் வேறு வண்டி ஏறினர். சரக்குப் பெட்டிகள் தண்டவாளம் பதித்த தட்டைப்படகுகளில் ஏற்றிக் கடத்தப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லைக்கும் சீனாவுக்கும் போன தளவாடங்களில் பெரும்பகுதி இவ்வழியே கடந்தது. 1944 மார்ச்சில் அமெரிக்க இராணுவ இருப்புப்பாதைப் பிரிவினர் இப்பாதையின் முதன்மைப் பகுதியைத் தம் பொறுப்பில் ஏற்றபோது, பாண்டு–ஆமின்காவ் கடவே அவர்களுக்குப் பெரும் இடையூறாக இருந்தது. படைக்கு இடையூறாய் இருந்த அக்கடவு துறைக்கு வாழ்வாக அமைந்தது.

துறையின் தொழில்முறை

ஆற்றுத் துறைமுகத்தின் முதற்சிக்கல் நீர்மட்டம். கடல்துறையில் ஏற்றவற்றம் நாளுக்கு இருமுறை நிகழும்; பிரம்மபுத்திராவில் அது ஆண்டுக்கு ஒருமுறை. குளிர்காலத் தாழ்மட்டத்துக்கும் மழைக்கால உயர்மட்டத்துக்கும் பாண்டுவில் ஏழெட்டு மீட்டர் வேறுபாடு உண்டு. ஆகவே பழங்காலத்தில் மிதவைத் துறையே பயன்பட்டது; ஆறு ஏற ஏற மிதவையும் ஏறும், சுமைதூக்குவோர் நடக்கும் பலகையின் சாய்வும் மாறும். அண்மைக் காலத்தில் தாழ்மட்டத்துக்கு ஒன்றும் உயர்மட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு நிலையான துறைமேடைகள் கட்டப்பட்டன.

இரண்டாவது சிக்கல் ஆழம். வெள்ளம் வடிந்தபின் கப்பல் செல்லும் வழி எங்கே இருக்கும் என்பதை முந்திய ஆண்டின் வரைபடம் காட்டாது. ஐப்பசி தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஆழம் பார்த்து வழி குறிக்கவேண்டும். இதற்குக் கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் 'பண்டால்' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஆற்றுப்படுகையில் மூங்கில்களை நட்டு, மேற்பகுதியில் மூங்கில் தட்டிகளைக் கட்டி, நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துவர். தட்டியால் தடுக்கப்பட்ட நீர் ஒருபுறம் ஒதுங்கி விரைந்தோடி அங்குள்ள மணலை அரித்து வழியை ஆழமாக்கும். தட்டியின் பின்புறம் வேகம் குன்றுவதால் அங்கே மணல் படியும். காவிரிப் பாசனத்தில் வாய்க்காலுக்கு நீர் திருப்ப மணலாலும் தழையாலும் இடப்படும் கொரம்பு இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. கொரம்பு நீரைத் திருப்பும். பண்டால் நீரைக்கொண்டே மணலைத் திருப்பும். அடுத்த வெள்ளத்தில் இரண்டும் அடித்துச் செல்லப்படுவன; அதற்கேற்பச் செலவும் குறைவு. மண்வாரிக் கப்பல்கள் வந்தபின்னும் இம்முறை வழக்கொழியவில்லை.

கப்பலை நடத்தியவர் சாரங்கு. சுக்கான் பிடித்தவர் சுக்கானி. அரபு மூலமுடைய இச்சொல் தமிழிலும் சுக்கான் என வழங்குவதால், கடலோரத் தமிழரும் வங்காள ஆற்று மாலுமியரும் ஒரே கலைச்சொல்லால் தொழில் செய்தனர் என்பது தெளிவு. முன்புறத்தில் நின்ற லஸ்கர்கள் மூங்கில் கோலால் ஆழம் பார்த்துக் குரல்கொடுத்தனர். இயந்திரமற்ற சரக்குப் படகுகளாகிய 'பிளாட்டுகள்' கப்பலின் இருபக்கமும் பிணைக்கப்பட்டன. இம்மாலுமியருள் மிகப்பெரும்பாலோர் சில்ஹெட், நவகாளி, சட்டகாங் முதலிய கிழக்கு வங்காள மாவட்டத்தினர். இதன் பொருள் 1965இல்தான் முழுமையாக விளங்கியது.

எல்லையும் பாலமும்

1947இல் வரையப்பட்ட எல்லை பாண்டுவுக்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட ஆற்றுவழியை வேற்று நாட்டுக்குள் தள்ளியது. அசாமை இந்தியாவின் பிற பகுதிகளோடு இணைக்க அவசரமாகக் கட்டப்பட்ட இருப்புப்பாதை 1950 சனவரியில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் மலைச்சரிவுகளை ஆற்றில் கொட்டி, மேல் அசாமில் படுகையை உயர்த்தியது. ஆயினும் கிழக்குப் பாகிஸ்தான் வழியே கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாண்டு இருப்புப்பாதை நிருவாகத்தின் தலைமையிடமாகவும் விளங்கியது. 1958 சனவரி 15இல் வடகிழக்கு எல்லைப்புற இருப்புப்பாதை அமைந்தபோதும் அப்பகுதியே தலைமையிடமாயிற்று.

முதல் அடி பாலத்தால் விழுந்தது. சராய்காட் பாலத்தில் 1962இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1963 சூனில் நேரு அதனை முறைப்படி திறந்துவைத்தார். நீராவிக் கடவு நின்றது. இரண்டாம் அடி எல்லையால் விழுந்தது. 1965 செப்டம்பர்ப் போரில் ஆற்றுவழி மூடப்பட்டது. எல்லைக்கு அப்பால் இருந்த கப்பல்கள் கைப்பற்றப்பட்டன. வழியோடு வழியறிந்த மாலுமியரும் மறுபுறம் நின்றுவிட்டனர். கப்பலை மீண்டும் கட்டலாம். மூன்று தலைமுறையாக ஆற்றின் போக்கைக் கண்ணால் படித்தவர்களை ஓர் ஆணையால் உருவாக்க இயலாது. ரிவர்ஸ் கம்பெனியின் இடத்தில் 1967இல் அமைந்த மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழகம் நட்டத்திலேயே நடந்து பின்னர் மூடப்பட்டதற்கு, வேறு காரணங்களோடு இவ்விழப்பையும் சேர்த்து எண்ணவேண்டும். ஆகவே பாண்டுவைப் பொறுத்தவரை இருப்புப்பாதையே அழித்தது என்னும் கூற்று பாதி உண்மையே. பாதை வளர்த்தது, பாலம் கடவை நிறுத்தியது, நெடுவழிச் சரக்கோட்டத்தை முறித்தது அரசியல் எல்லை.

1972இல் இந்தியாவும் வங்காளதேசமும் செய்துகொண்ட நீர்வழி வணிக உடன்படிக்கையில் பாண்டு துறைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 1986இல் இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் அமைந்தது. 1988இல் சதியா முதல் துப்ரி வரையிலான 891 கிலோமீட்டர் இரண்டாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. வங்காளதேசத்துக்குள் சிராஜ்கஞ்ச்–தைகாவா இடையே 175 கிலோமீட்டரில் ஆழம் போதாமையே பெருந்தடை. அதனை ஆழப்படுத்தும் செலவில் 80 விழுக்காட்டை இந்தியாவும் 20 விழுக்காட்டை வங்காளதேசமும் ஏற்க உடன்பட்டன.

2022 பிப்ரவரி 5இல் பாட்னாவிலிருந்து 200 டன் உணவுதானியத்துடன் புறப்பட்ட 'லால் பகதூர் சாஸ்திரி' என்னும் கப்பல், கங்கை, சுந்தரவனம், வங்காளதேசம் வழியாக 2,350 கிலோமீட்டர் கடந்து மார்ச் 6இல் பாண்டு சேர்ந்தது. நிலவழியே இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்குள் அடங்கும். சில நாள்களில் தொடர்வண்டி கொண்டுசேர்க்கும் அரிசிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்ட இப்பயணத்தை வணிக வெற்றி எனக் கொள்வது மிகை. வழி திறந்திருப்பதற்கான சான்று என்பதே பொருந்தும். அதே மாதத்தில் ஹால்தியாவிலிருந்து ஏறத்தாழ 1,800 டன் எஃகு இரண்டு சரக்குப் படகுகளில் வந்திறங்கியது இதனினும் பொருள் பொதிந்தது. கனமானது, விரைவு வேண்டாதது, சாலையில் ஏற்றக் கடினமானது ஆகிய சரக்குக்கே ஆறு ஏற்றது. அப்படகுகளுள் ஒன்றின் பெயர் அப்துல் கலாம். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனின் பெயர் தாங்கிய அப்படகு பாண்டுவை அடைந்தது மார்ச் நடுவில். பனிமலை நீரும் பருவமழையும் வந்து ஆறு உயர்வதற்கு முன்னதான தாழ்நீர்க் காலம் அது.